பழைய போனுக்குப் பேரீச்சம்பழம்

‘பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பிளாஸ்டிக்குக்குப் பேரீச்சம்பழேய்ம்!’

இந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும் வீட்டுக்குள் ஓடி, உடைந்த வாளி ஏதாவது அகப்படுமா என்று தேடிய தலைமுறை ஒன்று உண்டு. நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். ஓட்டை வாளி போகும், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வரும். அந்த வாளிக்கு உண்மையில் என்ன விலை, அந்தப் பழத்துக்கு என்ன விலை, வண்டிக்காரருக்கு இதில் என்ன லாபம்? எந்தப் பொடியனும் கேட்டதில்லை. பழம் இனித்தது, விஷயம் முடிந்தது.

அந்த வண்டிக்காரர் இப்போது வேறு வேஷத்தில் வருகிறார். செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வருகிறார். ‘உங்கள் பழைய போனைக் கொடுங்கள். புது போனில் 10,000 ரூபாய் வரை குறைத்துக்கொள்ளுங்கள்!’

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான அழைப்பு. செருப்புக் கடையில் பழைய செருப்பைக் கேட்பதில்லை. ஜவுளிக் கடையில் சாயம் போன சட்டையை வாங்கிக்கொண்டு புதுச் சட்டையில் கழித்துக் கொடுப்பதில்லை. நகைக் கடைக்காரர் பழசை வாங்குவார், வாஸ்தவம். ஆனால் தங்கம் பழசானாலும் தங்கம்தானே? செய்கூலி, சேதாரம் போனாலும் மிச்சம் நிற்கும். போன் அப்படியா? பெட்டியைப் பிரித்த நிமிஷமே விலை சரிய ஆரம்பித்துவிடுகிறது. செய்கூலியும் இல்லை, தங்கமும் இல்லை. முழுக்கச் சேதாரம்தான். பிறகு எதற்குப் புது போன் விற்கிறவருக்கு உங்களுடைய கீறல் விழுந்த பழைய போன்மீது இத்தனை ஆசை?

பதில் வேண்டுமென்றால் ஒரு நூறு வருடம் பின்னால் போகவேண்டும். செல்போன் என்கிற சொல்லே பிறந்திராத காலம். இடம், அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்.

*

ஹென்றி ஃபோர்டைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவருடைய மாடல் டி கார் 1908ல் வந்தபோது விலை 850 டாலர். ஃபோர்டின் கொள்கை ரொம்ப எளிமையானது. ஒரே கார். அதே கார். வருஷா வருஷம் விலை மட்டும் குறையவேண்டும். அப்படியே செய்தும் காட்டினார். 1920களின் நடுவில் அந்தக் காரின் மலிவான ரகம் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. நிறம்? 1914லிருந்து 1925 வரை கறுப்பு மட்டும்தான். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டாலும் இதைத்தான் வாங்கவேண்டும், ஏனென்றால் இந்த விலைக்கு வேறு கார் கிடையாது. மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள் விற்றார் மனிதர்.

எதிர்முகாமில் இருந்தவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன். 1923ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானவர். பொறியியல் படித்தவர், கணக்கில் புலி. விலையில் ஃபோர்டோடு மோதினால் எலும்புகூட மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே வேறொரு விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். கார் வாங்க வருகிறவன் யார்?

ஃபோர்டு ஆரம்பித்த காலத்தில் வந்தவன், வாழ்க்கையில் முதல் முறையாகக் கார் வாங்குகிறவன். அவனுக்கு நான்கு சக்கரம் சுற்றினால் போதும். ஆனால் 1920களில் வருகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கார் வைத்திருக்கிறான். அவனுக்கு வெறும் கார் வேண்டாம். தன்னிடம் இருப்பதைவிட ஒரு படி மேலான கார் வேண்டும். அதற்குக் கையில் பணம் போதாது. ஆனால் வேறொன்று இருக்கிறது. பழைய கார்.

அங்கேதான் ஸ்லோன் பிடித்துக்கொண்டார். பழைய காரைக் கொடு, அதுவே முன்பணம். மீதியை மாதாமாதம் கட்டு. அந்தத் தவணைக்குக் கடன் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே சொந்தமாக ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. அடுத்தது, வருஷத்துக்கு ஒரு புது மாடல். போன வருஷத்துக் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் நிற்கும் இந்த வருஷத்துக் காரைப் பார்த்தால் நம்முடையது கொஞ்சம் வாடிப்போன மாதிரித் தெரியும். அது போதுமே?

1960களில் வெளியான தன்னுடைய நினைவு நூலில், அந்தக் காலத்தில் கார் வியாபாரத்தையே புரட்டிப்போட்டவை நான்கு விஷயங்கள் என்று ஸ்லோன் பட்டியலிட்டார். தவணை முறை. பழைய காரை மாற்றிக்கொள்ளும் வசதி. மேலே கூரையும் சுற்றிலும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார். வருஷாந்திர மாடல். மூடிய காரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். இ.எம்.ஐ., எக்ஸ்சேஞ்ச், வருஷம் தவறாமல் ஒரு புது மாடல். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனின் ஜாதகம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய காருக்கென்று ஒரு சந்தை உருவானதும் அதிகம் அடிபட்டது யார் தெரியுமா? விலை உயர்ந்த கார்கள் அல்ல. ஃபோர்டு. ‘இருக்கிறதிலேயே மலிவான புதுக் கார் என்னுடையது’ என்பதுதான் அவர் பலம். இப்போது அதே காசுக்கு, ஒருத்தர் ஓட்டிக் கழித்த, அதைவிட நல்ல கார் கிடைத்தது. எதை வாங்குவீர்கள்? 1927 மே மாதம் மாடல் டியின் தயாரிப்பு நின்றது. புது மாடல் வருவதற்குள் மாதக்கணக்கில் தொழிற்சாலையை மூடிவைக்கவேண்டிய நிலைமை. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே விற்பனையில் முந்திக்கொண்டு போனது.

ஆக, பாடம் இதுதான். பழைய பொருள், தன்னைச் செய்த நிறுவனத்தின் விலை உயர்ந்த புதுப்பொருளுக்கு எதிரியல்ல. அதை வாங்குவதற்கான முன்பணம். அது எதிரியாவது மலிவான புதுப்பொருளுக்கு. இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1932ல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, பெர்னார்ட் லண்டன் என்கிற நியூயார்க் ரியல் எஸ்டேட்காரர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். மக்கள் பழைய சாமான்களையே வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருப்பதுதான் மந்தத்துக்குக் காரணம் என்பது அவர் கட்சி. எனவே செருப்பு, வீடு, இயந்திரம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கம் ஆயுள் நிர்ணயிக்கவேண்டும். ஆயுள் முடிந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு ரசீது தருவார்கள், அதைப் புதுப்பொருளின் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். கெடு தாண்டியும் வைத்திருக்கிறவனுக்கு வரி! நல்லவேளை, எந்த அரசாங்கமும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டம் போட்டுச் செய்ய முடியாத இந்த வேலையைப் பின்னாளில் டெலிபோன் பில் செய்து முடித்தது.

*

2007 ஜூன் 29. முதல் ஐபோன் விற்பனைக்கு வருகிறது. 8 ஜிபி மாடல் 599 டாலர். விடிய விடிய வரிசையில் நின்று வாங்கினார்கள். பத்து வாரம்கூட முடியவில்லை, செப்டம்பர் 5ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி இனிமேல் 399 டாலர்தான் என்று அறிவித்தார். வரிசையில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆபீசுக்குக் கண்டன மெயில்களாக வந்து குவிந்தன. மறுநாளே ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னால் வாங்கியவர்களுக்கு 100 டாலர் கழிவு கொடுத்தார்.

புதுப்பொருளின் விலையைத் தடாலென்று குறைத்தால் பழையதை வைத்திருக்கிறவன் வயிறு எரிகிறான். அவன்தான் அடுத்த மாடலையும் வாங்க வேண்டியவன். ஆகவே விலைச்சீட்டில் இருக்கும் எண்ணைத் தொடாமல் விலையைக் குறைக்க ஒரு வழி வேண்டும்.

வழி அடுத்த வருஷமே வந்தது. 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி. அமெரிக்காவில் விலை வெறும் 199 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் எட்டரை ஆயிரம் ரூபாய். அதே போன் ஆகஸ்ட் 22ம் தேதி இந்தியாவுக்கு வந்தது. விலை? 31,000 ரூபாய்! இது என்ன அநியாயம் என்று நம் ஊரில் பலர் கொதித்தார்கள். உண்மையில் அமெரிக்கர்களும் அந்தப் பணத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல்.

அது எப்படி? போன் கம்பெனியோடு இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடவேண்டும். போனின் மீதி விலையைக் கம்பெனி ஆப்பிளுக்குக் கொடுத்துவிடும். பிறகு மாதாந்திர பில்லில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடமிருந்து கறந்துவிடும். சரி, இரண்டு வருஷம் முடிந்தது. போனின் கடன் அடைந்தது. பில் குறைய வேண்டாமா? குறையாது! போனை மாற்றினாலும் அதே பில், மாற்றாவிட்டாலும் அதே பில். அப்படியென்றால் பழைய போனையே வைத்திருப்பவன்தான் ஏமாளி. நன்றாக ஓடும் போனைத் தூக்கிப்போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆக்கிவைத்த ஏற்பாடு இது. பெர்னார்ட் லண்டன் கேட்ட ‘வைத்திருப்பவனுக்கு வரி’ இதுதான், வேறு பெயரில்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லட்சோபலட்சம் நல்ல போன்கள் இப்படிக் கைமாறின. கொஞ்சம் பிள்ளைகளுக்குப் போயின. கொஞ்சம் டிராயருக்குள் தூங்கின. மிச்சமெல்லாம் வியாபாரிகள் மூலமாகக் கப்பலேறி, விமானமேறி, ஹாங்காங், ஷென்சென், துபாய், லாகோஸ் என்று உலகம் சுற்றின. ஐபோனைப் புதிதாக வாங்க வசதியில்லாத தேசங்களில் ஐபோன்காரர்கள் முளைத்தார்கள். ஆப்பிளுக்கு இதில் நஷ்டமா? ஒருபோதும் இல்லை. அந்தப் பழைய போனிலும் அதன் கடைதானே திறக்கும்?

2013 மார்ச்சில் இந்த ஆட்டத்தை ஒருவர் கலைத்தார். அமெரிக்காவின் டி-மொபைல் நிறுவனம், இனி இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடையாது, போனுக்குத் தனி விலை, சேவைக்குத் தனி விலை என்று பிரித்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் இரண்டு, மூன்று வருஷங்களில் பின்னாலேயே வந்தன. இப்போதுதான் அமெரிக்கர்கள் போனின் உண்மையான விலையைப் பார்த்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் டாலர். அட, இவ்வளவா? இருக்கிற போன் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னொரு வருஷம் ஓட்டுவோமே?

இந்த ‘ஓட்டுவோமே’தான் போன் தயாரிப்பாளர்களுக்குக் கெட்ட கனவு. 2013 ஆகஸ்டில் ஆப்பிள் தன்னுடைய அமெரிக்கக் கடைகளிலேயே பழைய ஐபோன்களை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. 2015 செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், 24 மாதத் தவணை, 12 தவணை கட்டியதும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமே போட்டது. ஸ்லோனின் தவணை, ஸ்லோனின் மாற்று, ஸ்லோனின் வருஷாந்திர மாடல், மூன்றும் ஒரே காகிதத்தில்.

*

சரி, பழைய போனை அவர்களிடம்தான் கொடுக்கவேண்டுமா? நாமே விற்றால் என்ன? விற்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ‘செகண்ட் ஹேண்டில்’ போன் வாங்கி அவஸ்தைப்பட்ட கதை ஒன்று உங்களிடம் இருக்கும். அந்தக் கதைதான் தடை.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் இளைஞராக இருந்தபோது, 1960களில், இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டதும் பழைய கார்தான். காரில் என்ன கோளாறு என்று விற்கிறவனுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் விலையைக் குறைத்துக் கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் ‘இந்த அடிமாட்டு விலைக்கா?’ என்று கோபித்துக்கொண்டு காரைத் திருப்பி ஓட்டிப்போவான். ஓட்டை கார் வைத்திருப்பவன் சந்தோஷமாக விற்பான். நாளடைவில் சந்தையில் ஓட்டை கார்களே மிஞ்சும். விலை இன்னும் இறங்கும்.

மூன்று பத்திரிகைகள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1970ல் வெளியானது. 2001ல் அகெர்லாஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது!

உங்கள் வீட்டு டிராயரில் ஒரு பழைய போன் கிடக்கிறதல்லவா? அது அங்கே கிடப்பதற்கு அகெர்லாஃப் சொன்னதுதான் முக்கியக் காரணம். நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கேட்கிறவன் நம்பாமல் குறைத்துக் கேட்கிறான். ‘போடா’ என்று உள்ளே வைத்துவிட்டீர்கள். இந்த அவநம்பிக்கையைப் போக்குகிறவனுக்குத்தான் பழைய போன் சந்தையில் லாபம். சோதித்துப் பார்த்து, சுத்தம் செய்து, தரம் பிரித்து, ஆறு மாத வாரண்டி என்று ஒரு சீட்டும் ஒட்டிக் கொடுத்தால் அதே போனுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. கேஷிஃபை போன்ற நிறுவனங்கள் செய்வது இதைத்தான். உங்களிடம் வாங்கும் விலைக்கும் அடுத்தவரிடம் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், பெரும்பகுதி, நம்பிக்கையின் விலை.

நீங்களே தனியாரிடம் பழைய போன் வாங்குகிறீர்கள் என்றால் கொஞ்சம் நம்பிக்கையை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம். *#06# என்று அழுத்தினால் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி சேவையில் அந்த எண் முடக்கப்பட்டதா என்று பார்த்துவிடலாம். திருட்டு போனாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்பதையும் அவர் முன்னாலேயே பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியது போனல்ல, பேப்பர் வெயிட்.

*

பழைய போன் புதுசின் வியாபாரத்தை எந்த அளவு ஆட்டிவைக்கும்? ஒரு பேட்டரியைக் கேட்டால் சொல்லும்.

2017 டிசம்பரில் ஆப்பிள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்துபோன பழைய ஐபோன்களின் வேகத்தை அதன் மென்பொருள் குறைத்துக்கொண்டிருந்தது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம் என்றது நிறுவனம். தொழில்நுட்பரீதியில் காரணம் உண்மைதான். ஆனால் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவில்லையே? போன் மெதுவானதும் ‘சரி, வயசாகிவிட்டது, புதுசு வாங்குவோம்’ என்றுதானே நினைத்திருப்பார்? பெரிய ரகளையாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டார்கள். 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018ம் வருஷம் முழுக்க 29 டாலராகக் குறைத்தார்கள். வழக்குகள் தனி. 2020ல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அதைவிடச் சுவாரஸ்யமானது 2019 ஜனவரி 2ம் தேதி நடந்தது. ஆப்பிளின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டில் வருமானம் 8,900 முதல் 9,300 கோடி டாலர் வரை வரும் என்று சொல்லியிருந்தோம், 8,400 கோடிதான் வரும்போலிருக்கிறது. காரணம், முதலில் சீனாவின் மந்தம். ஐபோனைப் புதுப்பிக்கிறவர்கள் குறைந்ததற்கு அவர் அடுக்கிய காரணங்களில் இரண்டு, நாம் இதுவரை பார்த்தவை. போன் கம்பெனிகள் மானியத்தை நிறுத்திவிட்டன. மலிவு விலைக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டு சிலர் பழைய போனையே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஆப்பிளின் பங்கு விலை சுமார் பத்து சதவீதம் சரிந்தது.

29 டாலர் பேட்டரி! ஒரு போனின் ஆயுள் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் நீண்டால், உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று அதை முதலீட்டாளர்களிடம் விளக்கிச் சொல்லவேண்டி வருகிறது. உங்கள் கையில் இருக்கும் பழைய போனுக்கு எவ்வளவு பலம் என்று இப்போது தெரிகிறதா?

*

நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ம் தேதி, கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியது. அதன்பின் பல வருஷங்களுக்கு இங்கே பேசுவதற்கே காசு கரைந்தது, வந்த காலை எடுத்தாலும் காசு. போனை மாற்றுவதைப் பற்றி யார் யோசித்தார்கள்? 2003ல் ரிலையன்ஸ் நிறுவனம் ‘மான்சூன் ஹங்காமா’ என்று ஒன்றை அறிவித்தது. 501 ரூபாய் கொடு, போனை எடுத்துக்கொண்டு போ, மீதியைப் பிறகு பார்க்கலாம். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் போன். அது நம்முடைய ஃபோர்டு காலம்.

சரியாகப் பதினைந்து வருஷம் கழித்து, 2018 ஜூலையில், ரிலையன்ஸ் ஜியோ இன்னொரு திட்டம் அறிவித்தது. பெயர் அதே மான்சூன் ஹங்காமா. தொகை அதே 501 ரூபாய். ஒரே ஒரு வித்தியாசம். இந்த முறை கையில் இருக்கும் பழைய பட்டன் போனைக் கொடுக்கவேண்டும். ஏனென்றால் இப்போது போன் இல்லாதவன் குறைவு. வருகிறவன் எல்லோரும் ஸ்லோனின் வாடிக்கையாளன். அந்த பட்டன் போனை விற்றால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? ஆனால் அது உங்கள் பாக்கெட்டை விட்டுப் போய்விட்டால், அதில் இருந்த போட்டிக் கம்பெனியின் சிம்முக்கும் வீடில்லாமல் போகும். வண்டிக்காரருக்கு வாளி முக்கியமில்லாமலும் போகலாம்!

இந்த இரண்டுக்கும் நடுவே, 2016ல், டெல்லியில் ஒரு சண்டை நடந்தது. வெளிநாடுகளில் திரும்பப் பெற்ற ஐபோன்களைப் புதுப்பித்து இங்கே இறக்குமதி செய்து விற்க ஆப்பிள் அனுமதி கேட்டது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கம் மறுத்துவிட்டது. உலகத்தின் மின்னணுக் குப்பைக்கு இந்தியா தொட்டியாகக் கூடாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் தயாரிப்பாளர்களின் பயம் குப்பையைப் பற்றி மட்டும் இல்லை. மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வரியை இப்போது எடுங்கள். பழைய ஐபோன் புது ஐபோனுக்கு எதிரியல்ல. அதே விலையில் விற்கும் மலிவான புது போனுக்குத்தான் எதிரி. ஃபோர்டுக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேரும் என்று உள்ளூர்க்காரர்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை.

*

இனி உங்கள் பர்சுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஒருவர் 60,000 ரூபாய்க்கு போன் வாங்கி, இரண்டு வருஷம் கழித்து 30,000க்கு விற்கிறார். இன்னொருவர் 20,000க்கு வாங்கி, இரண்டு வருஷம் கழித்து 4,000க்குத் தள்ளிவிடுகிறார். முதல்வர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். எனக்குப் பாதிக் காசு திரும்பி வந்ததே, உனக்கு ஐந்தில் ஒரு பங்குதானே?’ விகிதம் சரி. ரூபாயைப் பாருங்கள். யானைக்காரருக்கு வருஷத்துக்கு 15,000 செலவு. மற்றவருக்கு 8,000. நல்ல விலைக்கு விற்க முடியும் என்பதாலேயே ஒரு பொருள் மலிவாகிவிடாது. ‘விற்றால் விலை போகும்’ என்கிற அந்தத் தைரியம்தான் நம்மை முதலிலேயே அதிகம் கொடுக்க வைக்கிறது. புது போன்காரர்கள் பழைய போனின் விலையைத் தாங்கிப்பிடிப்பதற்குக் காரணம் அதுவே.

இன்னொன்று. அந்த 60,000 ரூபாய் போன் முதல் வருஷத்தில் 20,000 இறங்கியிருக்கலாம், இரண்டாம் வருஷத்தில் 10,000, மூன்றாம் வருஷத்தில் 8,000. சரிவு எப்போதும் ஆரம்பத்தில்தான் செங்குத்து. வருஷா வருஷம் மாற்றுகிறவர் அந்தச் செங்குத்தான படியிலேயே திரும்பத் திரும்ப உருள்கிறார். மூன்றாவது, நான்காவது வருஷமும் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வருஷமும் மலிந்துகொண்டே போகிறது. நல்ல இடத்தில் ஒரு வருஷப் பழைய போனை வாங்குகிறவர், முதல் படியை அடுத்தவர் செலவிலேயே தாண்டிவிடுகிறார்.

எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போகும்போது ஒரு விஷயம். அங்கே இரண்டு விலைகளைச் சொல்கிறவர் ஒரே ஆள். உங்கள் பழைய போனுக்கு அவர் சொல்லும் விலை, புது போனுக்கு அவர் சொல்லும் விலை. ஒன்றைத் தாராளமாக ஏற்றி, இன்னொன்றில் விட்டதைப் பிடிக்கலாம். ஆகவே இரண்டையும் மறந்துவிடுங்கள். கையிலிருந்து போகும் வித்தியாசம் எவ்வளவு, அதை மட்டும் கேளுங்கள். பிறகு, பழையதை வெளியே விற்றால் என்ன கிடைக்கும், புதியதை எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எங்கே குறைவாக வாங்கலாம் என்று பார்த்து, அந்த வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் ‘வரை’ என்ற இரண்டெழுத்தின் கனம் அப்போது புரியும்.

காலம் இப்போது கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த பிக்ஸல் 8 போனுக்கு கூகுளும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ் 24க்கு சாம்சங்கும் ஏழு வருஷம் மென்பொருள் மேம்பாடு தருவதாக உறுதியளித்தன. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷமாவது மேம்பாடு கொடுக்கவேண்டும், ஏழு வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. மென்பொருள் நிற்கும் நாள்தான் ஒரு ஸ்மார்ட்போனின் நிஜமான ஆயுள் கெடு. போன் வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்கிற நாம், இந்த நாளைக் கேட்பதே இல்லை.

இதெல்லாம் இல்லாவிட்டால் அந்த போன் எங்கே போகும்? 2022ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். இத்தனைக்கும் அந்தக் குப்பையில் தங்கம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பதக்கங்களுக்காக ஜப்பானியர்கள் சுமார் 62 லட்சம் பழைய செல்போன்களையும் இன்னும் பல சாதனங்களையும் சேர்த்து உருக்கியபோது 32 கிலோ தங்கம் கிடைத்தது. பதக்கங்கள் அத்தனையும் அப்படிச் சேர்த்த சாதனங்களின் உலோகங்களில்தான் செய்தார்கள்.

ஆகவே, இன்று ராத்திரி அந்த டிராயரைத் திறந்து பாருங்கள். உள்ளே கிடப்பது நன்றாக வேலை செய்தால், ஒரு புது பேட்டரி போட்டு வீட்டில் யாருக்காவது கொடுங்கள். இல்லை, தகவல்களை அழித்துவிட்டு இந்த வாரமே விற்றுவிடுங்கள். அடுத்த மாதம் இந்த விலைகூட வராது. செத்துப்போயிருந்தால் முறையாக மின்கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள். உள்ளேயே வைத்திருப்பதில் மட்டும் உங்களுக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை. உங்களிடம் எக்ஸ்சேஞ்ச் பேசக் காத்திருக்கிறாரே, அவருக்குத்தான் லாபம். டிராயருக்குள் ஒரு நாள் கூடக் கூட, அவர் சொல்லப்போகும் விலை ஒரு நாள் குறைந்துகொண்டிருக்கிறது.